பழைய அம்பாசிடரின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வீட்டிலேயே இறக்குவது: முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழக-கேரள எல்லையின் இரு பக்கத்துத் தோப்பு வீடுகளிலும் பழைய அம்பாசிடர்கள் இன்னும் நிற்கின்றன. ஆயில் குடிக்கிறது, கிளட்ச் வழுக்குகிறது, கியர் கத்துகிறது என்று ஏதோ ஒரு காரணத்துக்காக இன்ஜினை இறக்க வேண்டிய நாள் அவற்றுக்கு வந்தே தீரும். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ள அம்பாசிடரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இன்ஜின் முன்னாலும் ஓட்டும் சக்கரம் பின்னாலும் உள்ள பத்மினிக்கும் பெரும்பகுதி பொருந்தும். மாருதி 800க்கு மாறுபடுவதைக் கடைசிக்கு முன் சொல்லியிருக்கிறேன்.

புதிதாக இறங்குபவர்கள் நட்டு கழற்றுவதில் தடுமாறுவதைவிட, இன்ஜினின் எடை இந்த நிமிடம் எதன்மேல் நிற்கிறது என்பதை மறப்பதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். கீழே உள்ள வரிசை முழுவதும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் அமைந்திருக்கிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. சேர்த்து எடுப்பதா, தனித்தனியாகவா?

சேர்த்தே எடுங்கள். இன்ஜினை மட்டும் உருவினால் வேலை குறைவு என்று தோன்றும். ஆனால் பிரிக்கும் அந்தச் சில நிமிடங்களில் கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டுக்குள் மாட்டியிருக்கும். இன்ஜின் ஓரங்குலம் சாய்ந்தாலும் எடை முழுவதும் அந்த ஷாஃப்டின்மேல் ஏறும். பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூட்டிய பிறகு கிளட்ச் உதறும்.

சேர்த்து எடுத்தால் பிரிக்கிற வேலையைத் தரையில், வெளிச்சத்தில், நிதானமாகச் செய்யலாம். அதற்கு விலையாக அதிக உயரமும் நல்ல சாய்வும் தேவைப்படும். இரண்டும் சேர்ந்து 200 கிலோவுக்கு அருகில் வரும்.

2. நாளும் இடமும்

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு இதைத் தொடாதீர்கள். நனைந்த மண்தரையில் ஜாக்கி அமிழும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போதும் வேண்டாம். திறந்த இன்ஜினுக்குள் புழுதி போவது மழைத்தண்ணீர் போவதற்குச் சற்றும் குறைந்த கேடல்ல. தை முதல் சித்திரை வரை இந்தப் பக்கத்துக்கு ஏற்ற காலம்.

தரை சிமென்ட் தளமாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். நெல் காயவைக்கும் களம் மிகப் பொருத்தம். வண்டிக்குப் பின்னால் குறைந்தது 6 அடி காலியாக இருக்கட்டும். கடைசியில் இன்ஜின் தொங்கிய இடத்திலேயே நிற்கும். வண்டியைத்தான் பின்னால் தள்ளப் போகிறோம்.

வேலை தொடங்குமுன் கற்பூரம் ஏற்றும் வழக்கம் உள்ளவர்கள் முற்றத்தில் ஏற்றி, அணைந்த பிறகு வாருங்கள். பெட்ரோல் குழாயைத் திறந்த பிறகு 20 அடிக்குள் நெருப்பே கூடாது. அடுப்பங்கரையின் பக்கமாகக் காற்று வீசுகிறதா என்பதையும் பாருங்கள்.

3. எதில் தொங்கவிடுவது?

விபத்து நடந்தால் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. இந்தப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது ஓட்டுக் கொட்டகையின் உத்தரமும் மாமரக் கிளையும். இரண்டும் வேண்டாம்.

உத்தரம் ஓட்டின் சுமையை நீளம் முழுவதும் பரப்பித் தாங்குவதற்காகப் போடப்பட்டது. நட்டநடுவில் ஒரே புள்ளியில் 200 கிலோ தொங்குவது வேறு கணக்கு. அதிலும் தென்னை உத்தரத்தின் வெளிவைரம் கெட்டியாக இருக்கும், உட்பகுதி சோற்றியாக இருக்கும். சங்கிலி ஒரு மூலையில் அழுத்தினால் நார்நாராகக் கிழியும். மாங்கிளையை நம்பவே முடியாது. உள்ளே கரையான் அரித்திருப்பதை வெளிப்பட்டை காட்டாது.

போர்வெல் மோட்டார் தூக்குபவர்களிடம் இரும்புக் குழாயாலான மூன்று கால் ஸ்டாண்டும், சங்கிலியை இழுத்துச் சுமை தூக்கும் செயின் பிளாக்கும் இருக்கும். ஒரு நாள் வாடகைக்குக் கேளுங்கள். இந்த ஊர்ப்பக்கம் எளிதாகக் கிடைப்பது அதுதான், இந்த வேலைக்கு ஏற்றதும் அதுதான். செயின் பிளாக் 1 டன் தாங்குவதாக இருக்கட்டும். கொக்கியில் பாதுகாப்பு நாக்கு இருக்கிறதா, சங்கிலியைப் பாதியில் விட்டால் நழுவாமல் நிற்கிறதா என்று ஒரு மூட்டை சிமென்டைத் தூக்கிப் பார்த்த பிறகே வண்டிப் பக்கம் கொண்டுவாருங்கள்.

உச்சி குறைந்தது 11 அடி உயரம் இருக்க வேண்டும். சாய்ந்து தொங்கும் இன்ஜினும் கியர்பாக்ஸும் செங்குத்தாக 4 அடிக்கு மேல் இடம் பிடிக்கும். அவை வண்டியின் முன்முகப்பைத் தாண்ட இன்னும் 3 அடி வேண்டும். மீதி சங்கிலிக்கும் பிளாக்குக்கும் போய்விடும். வண்டியின் அகலம் 1.66 மீட்டர். ஆகவே வண்டியின் இரு பக்கமும் நிற்கும் இரண்டு கால்களுக்கும் நடுவே 2 மீட்டருக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். மூன்று கால்களின் அடியையும் ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டுங்கள். சுமை ஏறும்போது கால்கள் வெளிப்பக்கம் நழுவப் பார்க்கும். சிமென்ட் தளத்தில் இன்னும் வேகமாக நழுவும். வண்டியின் இரு பக்கக் கால்களையும் இணைக்கும் சங்கிலியை மட்டும் வண்டி போக வழிவிடும்படி தரையோடு தரையாகப் படுக்கவையுங்கள், சக்கரம் அதன்மேல் ஏறிப் போகட்டும்.

4. கருவிகள்

அம்பாசிடரின் பழைய இன்ஜினில் பெரும்பாலும் அங்குல அளவு நட்டுகள். 7/16, 1/2, 9/16 ரிங் ஸ்பேனரும் பாக்ஸ் ஸ்பேனரும் கட்டாயம் வேண்டும். வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் செட்டை வைத்துச் சமாளிப்பதுதான் பரவலான தவறு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் அதில் தாராளமாக ஏறும். கெட்டியான நட்டில் அழுத்தினால் மூலைகளைத் தேய்த்துவிட்டு வழுக்கும். பத்மினிக்கும் மாருதிக்கும் மில்லிமீட்டர் செட்டே சரி.

இவை தவிர டிராலி ஜாக்கி ஒன்று, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு இரண்டு, சக்கரத்துக்கு முட்டு, நீளமான எக்ஸ்டென்ஷன் ராடு, ஆயில் பிடிக்க அகலமான தட்டு, பழைய டயர் இரண்டு. செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் ஸ்டாண்டுக்குப் பதிலாக வைக்காதீர்கள். அவை முன்னறிவிப்பில்லாமல் நொறுங்குபவை.

5. முதல் நாளே செய்ய வேண்டியவை

கார்பரேட்டர் வாயையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளாஸ்டிக் உறையால் கட்டிவிட்டு இன்ஜினை டீசல் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அழுக்குக்கு அடியில் இருக்கும் போல்ட்டை யாரும் மறந்துதான் போவார்கள்.

பிறகு மானிஃபோல்டும் (இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் வார்ப்புக் குழாய்) சைலன்சர் குழாயும் சேரும் இடத்து நட்டுகள், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் பிரப்பெல்லர் ஷாஃப்டின் பின்பக்க நட்டுகள், இன்ஜினை வண்டியோடு பிடித்திருக்கும் மவுண்டிங் போல்ட்டுகள் எல்லாவற்றுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் விடுங்கள். அவசரத்தில் முறுக்கினால் சைலன்சர் ஸ்டட் அறுந்து மானிஃபோல்டுக்குள்ளேயே தங்கிவிடும். அரை நாள் அதிலேயே போகும்.

பழுதுபார்க்கும் முன்பே இன்ஜின் நம்பரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா ஹோஸ், ஒயர், கேபிள்களையும் கழற்றுமுன் படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் துணி ஒட்டுப்பட்டி சுற்றி எண் எழுதுங்கள், அது சேரும் இடத்திலும் அதே எண்ணை எழுதுங்கள்.

6. பேட்டரி, பெட்ரோல், தண்ணீர்

பேட்டரியில் பாடியோடு சேரும் முனையை முதலில் கழற்றுங்கள். பழைய வண்டிகளில் அது பாசிட்டிவாகவும் இருக்கலாம், ஆகவே நிறத்தை நம்பாமல் ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள். மற்ற முனையை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டதும் பொறி பறக்கும். பேட்டரியை வண்டியை விட்டே வெளியே எடுத்து வையுங்கள்.

பெட்ரோல் குழாயைப் பம்பின் அருகே கழற்றி முனையை அடைத்துவிடுங்கள். டாங்கில் பெட்ரோல் நிறைய இருந்தால், வண்டியின் பின்பக்கம் உயரும்போது குழாய் வழியே வழிந்துகொண்டே இருக்கும்.

இன்ஜின் குளிர்ந்த பிறகு ரேடியேட்டரின் அடிக்குழாயையும் இன்ஜின் பிளாக்கின் பக்கத்துக் குழாயையும் திறந்து தண்ணீரை வடியுங்கள். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பிளாக்கில் தங்கிய தண்ணீர், இன்ஜின் சாயும்போது உங்கள் தலையில் இறங்கும்.

7. மேல்பக்க வேலை

பானெட்டின் கீல் எங்கே அமர்ந்திருந்தது என்று சுற்றிக் கோடு போட்டுவிட்டு, இரண்டு பேராகத் தூக்கி எடுங்கள். கோடு போடாவிட்டால் திரும்ப மாட்டும்போது இடைவெளி ஒரு பக்கம் அகன்று நிற்கும்.

அடுத்து ரேடியேட்டர், ஃபேன், முன் கிரில். ரேடியேட்டர் போனதும் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. இன்ஜினை முழுவதும் பிரித்து ரிப்பேர் செய்வதாக இருந்தால், கிராங்க் புல்லியின் பெரிய நட்டை இப்போதே இளக்கிவிடுங்கள். மடித்துவிட்ட பூட்டு வாஷரை நிமிர்த்தி, வண்டியை நான்காம் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து முறுக்கினால் இன்ஜின் சுழலாமல் நிற்கும். பிரப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிய பிறகு அந்தப் பிடிமானம் கிடைக்காது. தரையில் இறக்கிய இன்ஜினில் இந்த நட்டோடு மல்லுக்கட்டுபவர்கள் எல்லாரும் இந்த வரியைத் தவறவிட்டவர்கள்தான்.

ஏர் ஃபில்டர், கார்பரேட்டர், டைனமோ, செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். இவை நீட்டிக்கொண்டிருப்பவை, ஆடும் இன்ஜின் முதலில் மோதுவது இவற்றின்மேல்தான். கார்பரேட்டர் இருந்த துளையில் துணியை மட்டும் திணிக்காதீர்கள், உள்ளே போய்விடும். தகடு ஒன்றை வைத்து நட்டுப் போட்டு மூடுங்கள்.

கழற்றிய நட்டையும் போல்ட்டையும் அதே துளையில் கையால் இரண்டு மரை ஏற்றி வையுங்கள். டப்பாவில் கொட்டி வைப்பதைவிட இது பல மடங்கு நல்லது. ஒரே தடிமனில் நீளம் மட்டும் மாறுபடும் போல்ட்டுகள், கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கில் உண்டு.

பெரும்பாலோர் மறக்கும் மூன்று: இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை, ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாய், டெம்பரேச்சர் மீட்டரின் குழாய். சில பழைய வண்டிகளில் டெம்பரேச்சர் மீட்டருக்குப் போவது ஒயர் அல்ல, திரவம் அடைத்த நுண்குழாய். அதை வெட்டினாலோ மடித்து ஒடித்தாலோ மீட்டர் போய்விடும். ஹெட்டில் இருக்கும் முனையைத் திருகிக் கழற்றி, குழாயைச் சுருளாகக் கட்டி ஓரமாக வையுங்கள்.

8. வண்டிக்கு அடியில்

முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டு வையுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்த பிறகு உள்ளே போங்கள். பின்பக்கம் உயர்ந்திருப்பது பிறகும் உதவும்: வண்டியின் மூக்கு தாழ்வதால், இன்ஜினைக் குறைவாகச் சாய்த்தாலே கியர்பாக்ஸின் வால் வெளியே வரும்.

இன்ஜின் ஆயிலையும் கியர் ஆயிலையும் வடியுங்கள். கியர்பாக்ஸில் முதலில் ஆயில் ஊற்றும் மூடி திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வடிகால் மூடியைத் திறக்கவும். பழைய ஆயிலைத் தென்னை மூட்டிலோ கிணற்றோரத்திலோ கொட்ட வேண்டாம். கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பிரப்பெல்லர் ஷாஃப்டின் பின்முனையில் ஒன்றோடொன்று சேரும் இரண்டு தட்டுக்கும் (பிளாஞ்ச்) குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டு, நான்கு போல்ட்டையும் கழற்றுங்கள். அதே நிலையில் திரும்பப் பூட்டினால்தான் அதிர்வு வராது. முன்முனை கியர்பாக்ஸின் வாலுக்குள் வழுக்கி நுழையும் வகை என்றால், உருவியதும் மிச்ச ஆயில் வடியும். கனமான பிளாஸ்டிக் உறையை வாலில் மாட்டி ரப்பர் பட்டை போடுங்கள்.

கியர் லிவர் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும் வண்டியாக இருந்தால் கியர்பாக்ஸின் பக்கத்துக் கம்பிகளைக் கொண்டைஊசிப் பின் இருக்கும் முனையில் மட்டும் கழற்றுங்கள். நீளம் சரிசெய்யும் நட்டைத் தொடவே வேண்டாம். தொட்டால் கியர் விழும் இடம் மாறிவிடும். தரைக் கியர் என்றால் லிவரை வண்டிக்குள்ளிருந்து எடுத்துவிட்டு துளையை மூடுங்கள்.

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள வண்டியில் குழாயைத் திறக்காமல், கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரை அப்படியே பெல் ஹவுசிங்கிலிருந்து கழற்றி ஓரமாகக் கட்டுங்கள். அதற்குப் பிறகு கிளட்ச் பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, பிஸ்டன் தெறித்து வெளியே வந்துவிடும். பெடலில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதவையே பூட்டுங்கள்.

ஸ்பீடோமீட்டர் கேபிளும் சைலன்சர் குழாயும் கடைசி. பின் மவுண்டிங்கின் போல்ட்டுகளை இளக்கி மட்டும் விடுங்கள், எடுக்க வேண்டாம்.

9. சங்கிலி கட்டுவது

தேங்காய் நார்க் கயிறு, நைலான் கயிறு, வண்டி இழுக்கும் கயிறு எதுவும் வேண்டாம். இரும்புச் சங்கிலி மட்டுமே.

ஒரு முனையை இன்ஜினின் முன்பக்கமும் மறுமுனையைப் பின்பக்கமும், கெட்டியான வார்ப்பில், வாஷர் வைத்துப் போல்ட் போட்டு இணையுங்கள். போல்ட்டின் தடிமனைப்போல் ஒன்றரை மடங்கு நீளமாவது மரை உள்ளே ஏறியிருக்க வேண்டும். மானிஃபோல்டு, வால்வு மூடியின் ஸ்டட், தண்ணீர் பம்ப் ஆகியவற்றில் கட்டாதீர்கள்.

சங்கிலி நீளமாக இருக்கட்டும். குட்டையாக இருந்தால் கொக்கியிலிருந்து இறங்கும் சங்கிலியின் இரண்டு கைகளும் விரிந்து, ஒவ்வொன்றிலும் இழுவை கூடும். விரிகோணம் 120 டிகிரி ஆகும்போது ஒவ்வொரு கையும் முழு எடையையும் இழுக்கிறது. 60 டிகிரிக்குள் வைத்தால் நிம்மதி. உயரம் போதாது என்று சங்கிலியைக் குட்டையாக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். உயரம் போதாவிட்டால் ஸ்டாண்டை மாற்ற வேண்டும்.

கொக்கி மாட்டும் கண்ணி, நடுவைவிடச் சற்று முன்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் உயர்ந்து, கியர்பாக்ஸ் தாழ்ந்து தொங்கும். கொக்கி மாட்டிய கண்ணி நழுவாதபடி சங்கிலியை ஒரு போல்ட் போட்டுப் பூட்டுங்கள்.

10. தூக்குவது

மூன்று பேர் வேண்டும். ஒருவர் செயின் பிளாக்கில், ஒருவர் இன்ஜினின் பக்கத்தில், ஒருவர் கியர்பாக்ஸின் வாலில். கட்டளை ஒருவர் வாயிலிருந்து மட்டும் வர வேண்டும். அது இன்ஜின் பக்கத்தில் நிற்பவராக இருக்கட்டும், இடுக்கெல்லாம் அவர் கண்ணில்தான் படும்.

முதலில் சங்கிலியை இறுக்க மட்டும் செய்யுங்கள். முன் மட்கார்டின் விளிம்பைப் பாருங்கள். இன்ஜின் எடை சங்கிலிக்கு மாற மாற வண்டியின் முன்பக்கம் மெல்ல நிமிரும். ஒரு விரற்கடை நிமிர்ந்ததும் நிறுத்துங்கள். இப்போது எடை சங்கிலியிலும் மவுண்டிங்கிலும் பாதிப்பாதியாக நிற்கிறது. கியர்பாக்ஸின் அடியில் டிராலி ஜாக்கியை மரப்பலகை வைத்து முட்டுக் கொடுங்கள்.

அதற்குப் பிறகு இரு பக்க மவுண்டிங் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். போல்ட் கையால் சுழன்று வந்தால் சங்கிலியின் இழுப்பு சரி. மாட்டிக்கொண்டு வராவிட்டால் சுத்தியலை எடுக்காதீர்கள். சங்கிலியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள், தானே வந்துவிடும். பின் மவுண்டிங்கைக் கடைசியாக, பக்கவாட்டில் இருந்து நீண்ட ராடு போட்டு எடுங்கள். இந்த நிமிடத்திலிருந்து யார் உடம்பும் வண்டிக்கு அடியில் இருக்கக் கூடாது.

ஓரங்குலம் தூக்கி நிறுத்துங்கள். ஒருவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு முழுச் சுற்று வந்து, எதாவது ஒயரோ குழாயோ இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜினோடு சேர்ந்து வண்டியும் எழுந்தால் எங்கோ இன்னும் பிடித்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் எர்த் பட்டையாகவே இருக்கும்.

பிறகு இரண்டங்குலம் மேலே, இரண்டங்குலம் முன்னே. ஒரேயடியாக மேலே தூக்கினால் கியர்பாக்ஸ், அது அமர்ந்திருக்கும் தரைச் சுரங்கத்தின் கூரையில் முட்டும். ஒரேயடியாக முன்னே இழுத்தால் ஆயில் சேம்பர் குறுக்குச் சட்டத்தில் மோதும். டிராலி ஜாக்கி கியர்பாக்ஸோடு உருண்டு வரட்டும். வால் சுரங்கத்தை விட்டு வந்ததும் ஜாக்கியை விலக்கிவிட்டு நேராக மேலே தூக்கலாம். ஊசலாடாமல் கையால் அணைத்துப் பிடியுங்கள், ஆனால் விரலை இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே விடாதீர்கள்.

கியர்பாக்ஸின் வால் முன்முகப்பைத் தாண்டியதும் தூக்குவதை நிறுத்துங்கள். பின்னால் போய் ஸ்டாண்டை எடுத்து, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முட்டுகளை நீக்கி, பின்னால் தள்ளுங்கள். வண்டி விலகிய உடனே இன்ஜினை இறக்குங்கள். தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

11. தரையில் வைத்துப் பிரிப்பது

ஆயில் சேம்பர் மெல்லிய தகடு. சிமென்ட் தரையில் நேராக உட்கார்ந்தால் நசுங்கி, ஆயில் உறிஞ்சும் வாயை அடைக்கும். பழைய டயரின்மேல் இறக்கி, பிளாக்கின் இரு பக்கமும் மரக்கட்டை கொடுத்து நிமிர்த்துங்கள். சங்கிலியைத் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம்.

கியர்பாக்ஸுக்குத் தனியாக முட்டுக் கொடுத்த பிறகே பெல் ஹவுசிங் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். ஒருவர் வாலைத் தூக்கி மட்டமாகப் பிடிக்க, நேர்கோட்டில் உருவுங்கள். ஷாஃப்ட் முழுவதும் வெளியே வரும்வரை கையைத் தளர்த்தாதீர்கள்.

பிரித்த உடனே கிளட்ச் பிளேட்டின் தேய்மானம், கிளட்சை அழுத்தும் கார்பன் வளையம், கிராங்கின் முனையிலுள்ள சிறு புஷ் ஆகிய மூன்றையும் பாருங்கள். எந்தக் காரணத்துக்காக இன்ஜின் இறங்கியிருந்தாலும், தேய்ந்த கார்பனோடு திரும்ப ஏற்றக் கூடாது. அதை மாற்ற மறுபடியும் இத்தனை வேலையும் செய்ய வேண்டிவரும்.

12. மாருதி 800 என்றால்

796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின் குறுக்காக அமர்ந்திருக்கும், எடையும் மிகக் குறைவு. பிரப்பெல்லர் ஷாஃப்ட் கிடையாது. பதிலாக இரு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட். சக்கரத்தின் நடு நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே, பிரேக்கை ஒருவர் மிதித்திருக்க, இளக்கிவிடுங்கள். சக்கரம் தூக்கிய பிறகு அது சுழன்றுகொண்டே இருக்கும்.

டிரைவ் ஷாஃப்டை உருவுமுன் கியர் ஆயிலை வடியுங்கள். ஷாஃப்டைத் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் பூட் கிழியும். கியர்பாக்ஸோடு சேர்த்து மேல்வழியாகவே எடுத்துவிடலாம். 11 அடி உயரமும் தேவையில்லை.

13. பட்டறைக்குக் கொண்டு போவது

போரிங், கிராங்க் கிரைண்டிங் வேலைக்குப் பலரும் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ கொண்டு போகிறார்கள். சரக்கு ஆட்டோவில் தனி இன்ஜினோடு எல்லையைத் தாண்டும்போது யாராவது நிறுத்திக் கேட்டால், இது யாருடைய இன்ஜின் என்று காட்டப் பதிவுச் சான்றின் நகல் கையில் இருக்க வேண்டும். சான்றில் உள்ள இன்ஜின் நம்பரும் பிளாக்கில் உள்ளதும் ஒன்றா என்பதை வீட்டிலேயே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பிளாக் தேறாது, வேறு இன்ஜின் போடலாம் என்று பட்டறையில் சொன்னால் அங்கேயே ஒப்புக்கொள்ளாதீர்கள். நம்பர் மாறினால் வண்டியைப் பதிவு செய்த அலுவலகத்தில் முறைப்படி அனுமதி வாங்கிச் சான்றிலும் மாற்ற வேண்டும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தையில் வாங்கும் இன்ஜினுக்கு, அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று எழுதிய ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.